லிகூரியா போகிறவர்களுக்கு: விசா முதல் மலைக் கிராமத்துப் பஸ் வரை

இத்தாலியின் வடமேற்கு ஓரத்தில், பிரான்ஸ் எல்லையிலிருந்து கடலை ஒட்டி வில் மாதிரி வளைந்து கிடக்கிற ஒடுங்கலான மாநிலம் லிகூரியா. நடுவில் தலைநகர் ஜெனோவா. அதற்கு மேற்கே இருக்கும் கரைக்குப் பொனென்டே என்றும் கிழக்கே இருப்பதற்கு லெவான்டே என்றும் பெயர். கடலுக்குப் பின்னாலேயே மலை எழும்பிவிடுகிறது.

நான், மனைவி, 66 வயது அம்மா, மூவரும் மே கடைசியில் கிளம்பி பன்னிரண்டு நாள் அங்கே சுற்றினோம். வரைபடத்தைப் பார்த்து, "எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே" என்று நான் போட்ட திட்டம் மூன்றாம் நாளே சிதறியது. கடலோரம் நெடுக ரயில் இருப்பதால் நூறு கிலோமீட்டர் போய்வருவது சுலபம். மலைமேல் பதினைந்து கிலோமீட்டர் ஏறி இறங்க ஒரு முழு நாள் போகும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு திட்டம் போட்டிருந்தால் பணமும் அம்மாவின் முழங்காலும் தப்பித்திருக்கும். நீங்களாவது தப்பிக்க, வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் தேதி

மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை போகலாம், இல்லையென்றால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து அடிக்கும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் இத்தாலியே கடற்கரைக்கு வந்துவிடும், அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும். அக்டோபர், நவம்பரில் மழை பலமாக இருக்கும், நடைபாதைகளை மூடிவிடுவார்கள். பிப்ரவரியில் சான்ரேமோ பாட்டு விழா நடக்கிற வாரம் அந்த ஊர்ப் பக்கமே அறை தேடாதீர்கள்.

தேதியை முடிவு செய்யும்போது இத்தாலிய விடுமுறை நாட்களையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15, நவம்பர் 1. ஏன் என்று எட்டாவது தலைப்பில் தெரியும். அங்கேதான் நான் மாட்டினேன்.

2. விசா

இந்திய பாஸ்போர்ட்டுக்கும் இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். சட்டப்படி கடைசி வரம்பு 15 நாள் முன்பு, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, 45 நாள் வரை நீளவும் இடம் உண்டு. விண்ணப்பத்தை விட, விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. கோடைப் பயணம் என்றால் மூன்று மாதம் முன்பே நேரம் பிடித்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பி வராது.

கையில் இருக்க வேண்டியவை: கடைசிப் பத்து ஆண்டுக்குள் வாங்கிய பாஸ்போர்ட் (திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்), புகைப்படம், போக வர விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி ஆவணம், அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. நான் வங்கி அறிக்கையை ஆறு மாதத்துக்கு எடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு என் கணக்கைக் காட்டி, செலவை நானே ஏற்கிறேன் என்று ஒரு கடிதமும் வைத்தேன்.

இதில் இரண்டு பொறி. முதலாவது, காப்பீட்டுத் தேதி. எங்கள் திரும்பும் விமானம் நள்ளிரவு தாண்டி 12:40க்கு. நான் முந்தைய நாளோடு முடிகிற காப்பீடு எடுத்திருந்தேன். மையத்து ஜன்னலில் இருந்த பெண் பேனாவால் அந்தத் தேதியைத் தட்டிக் காட்டிய பிறகுதான் உறைத்தது. வெளியே ஓடிப்போய், கைப்பேசியிலேயே தேதியை நீட்டி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, மறுபடி வரிசையில் நின்றோம்.

இரண்டாவது, எந்த நாட்டிடம் கேட்பது என்கிற குழப்பம். மேற்குக் கரைக்கு மிலானை விட பிரான்ஸின் நீஸ் விமான நிலையம்தான் பக்கம். நீஸிலிருந்து எல்லை ஊரான வென்டிமிலியாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. அங்கே இறங்கினாலும், அதிக இரவு இத்தாலியில் என்றால் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான். இரவுகள் சமமாக வந்தால் மட்டும் முதலில் நுழைகிற நாடு.

3. தங்குமிடம்: இரண்டே இடம் போதும்

நான் பன்னிரண்டு நாளுக்கு ஐந்து ஊரில் அறை போட்டேன். செய்யாதீர்கள். பெட்டியோடு படியேறுவதிலேயே விடுமுறை கழிந்துவிடும். கிழக்கே ஓர் ஊர், மேற்கே ஓர் ஊர், இரண்டும் ரயில் பாதை மேல், அவ்வளவுதான். கிழக்குக்கு லெவான்டோ அல்லது லா ஸ்பெட்சியா. மேற்குக்கு வென்டிமிலியா, அல்லது ஃபினாலே லிகூரே. ஜெனோவாவில் இடையில் இரண்டு இரவு தங்கலாம். சிங்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து கிழக்குக் கரை ஊர்களுக்குள்ளேயே தங்குவது அழகுதான், ஆனால் விலை அதிகம், லிஃப்ட் இருக்காது, ரயிலடியிலிருந்து அறை வரை பெரும்பாலும் படிதான்.

வாடகை வீடு என்றால் விளம்பரத்தில் "சின்" என்கிற தேசிய அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி முதல் அது கட்டாயம். குறியீடு இல்லாத வீட்டை விட்டுவிடுங்கள். முன்பதிவில் காட்டும் தொகையோடு தங்கும் வரி என்று தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள், பல இடத்தில் ரொக்கமாக. அது ஏமாற்று இல்லை, ரசீது கேளுங்கள்.

4. ரயில்: வாங்குவது சுலபம், மறப்பதும் சுலபம்

மிலானிலிருந்து ஜெனோவாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஜெனோவாவிலிருந்து லா ஸ்பெட்சியாவுக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். வென்டிமிலியாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். ரெஜியொனாலே எனப்படும் உள்ளூர் ரயிலுக்கு எப்போது வாங்கினாலும் விலை மாறாது, இருக்கை எண்ணும் கிடையாது. எனவே மாதக்கணக்கில் முன்கூட்டி வாங்கத் தேவையில்லை. இன்டர்சிட்டி ரயிலுக்கு மட்டும் முன்னால் வாங்கினால் மலிவு.

காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் செருகி முத்திரை வாங்க வேண்டும். கைப்பேசி டிக்கெட் என்றால் "செக்-இன்" பொத்தானை அழுத்த வேண்டும். பணம் கட்டிவிட்டோமே என்று சும்மா உட்கார்ந்தால் அபராதம் வரும். வெளியூர்க்காரன், தெரியாது என்பதெல்லாம் எடுபடாது.

நிலையத்தில் இரண்டு அட்டவணை ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் நிறத்தில் இருப்பது புறப்பாடு, வெள்ளை வருகை. நான் முதல் நாள் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பினாரியோ" என்றால் பிளாட்பாரம்.

இன்னொன்று. மேற்குக் கரையில் பழைய பாதையைக் கடலோரத்திலிருந்து மலைக்குள் தள்ளிவிட்டார்கள். அதனால் இம்பீரியா, டியானோ போன்ற ஊர்களில் நிலையம் கடலைவிட்டுத் தள்ளி இருக்கும். சான்ரேமோ நிலையம் நிலத்தடியில். பிளாட்பாரத்திலிருந்து வாசலுக்கு வர நீண்ட சுரங்க நடை. ரயிலைப் பிடிக்கக் கால் மணி நேரம் கூடுதலாக வையுங்கள். கைவிட்ட பழைய தண்டவாளத் தடத்தில் ஒஸ்பெதாலெட்டியிலிருந்து சான் லொரென்சோ அல் மாரே வரை 24 கிலோமீட்டர் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். ஏற்றமே இல்லை. எங்கள் பயணத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்த நாள் அது.

5. ஜெனோவா

நிலையம் இரண்டு: மேற்கே பிரின்சிபே, கிழக்கே பிரின்யோலே. எதில் இறங்குவது என்று அறை எடுக்கும்போதே பாருங்கள். பழைய நகரத்துச் சந்துகளுக்குக் காருஜ்ஜி என்று பெயர். கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும் அளவுக்குச் சில இருக்கும். டாக்சி உள்ளே வராது.

முகவரியில் ஒரு விசித்திரம். இங்கே வீட்டுக்குக் கறுப்பு எண், கடைக்குச் சிவப்பு எண். இரண்டும் தனித்தனி வரிசை. கறுப்பு 24க்கும் சிவப்பு 24க்கும் நடுவில் நூறு மீட்டர் கூட இருக்கலாம். முகவரியில் எண்ணுக்குப் பின்னால் "ஆர்" என்கிற எழுத்து இருந்தால் அது சிவப்பு. எங்கள் அறையின் சாவி வாங்க வேண்டிய கடை சிவப்பு எண்ணில் இருந்தது. நான் அதே எண்ணுள்ள ஒரு வீட்டின் அழைப்பு மணியை மூன்று தரம் அடித்தேன். மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் வாங்குவாங்கு என்று வாங்கினார். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஊர் ஒரு வரம். மேட்டுக்கு ஏற பொது லிஃப்டும் சாய்வு ரயிலும் இருக்கின்றன. போர்டெல்லோ சதுக்கத்திலிருந்து காஸ்தெல்லெட்டோ லிஃப்டில் ஏறினால் கூரைகளும் துறைமுகமும் ஒரே பார்வையில் விரியும். சாயங்காலம் போங்கள். பகலில் கரிபால்டி தெருவின் மாளிகைகள், சான் லொரென்சோ பேராலயம். மீன் காட்சியகம் குழந்தைகள் இருந்தால் மட்டும்.

6. சிங்க்வே தெர்ரே

லா ஸ்பெட்சியாவிலிருந்து போனால் வரிசை இது: ரியோமஜ்ஜோரே, மனரோலா, கோர்னிலியா, வெர்னாட்சா, மொன்டெரோசோ, அதற்கு அடுத்தது லெவான்டோ. ரயிலில் முழுத் தூரமும் அரை மணி நேரம்தான். ஆனால் ஒரே நாளில் ஐந்தையும் பார்ப்பது ரயிலடிகளைப் பார்ப்பதற்குச் சமம். இரண்டு நாள் வையுங்கள், இல்லையென்றால் மூன்று ஊரோடு நிறுத்துங்கள்.

ஒரு தடவை ஏறி இறங்க, நாளைப் பொறுத்து 5 முதல் 10 யூரோ. ரயிலும் நடைபாதையும் சேர்ந்த ஒரு நாள் அட்டை சுமார் 20 யூரோவிலிருந்து 33 யூரோ வரை. மூன்று நான்கு தடவை ஏறுவீர்கள் என்றால் அட்டைதான் லாபம். ஊருக்குள் ஓடும் சிறு பஸ்ஸும் அதில் அடக்கம். அதன் அருமை கோர்னிலியாவில் தெரியும். அந்த ஊர் மட்டும் குன்றின் உச்சியில். ரயிலடியிலிருந்து 380 படிகளுக்கு மேல். நாங்கள் இறங்கியதும் எல்லோரும் படி நோக்கி நடந்தார்கள், நாங்களும் நடந்தோம். அறுபதாவது படியில் அம்மா உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிறு பஸ் ரயிலடி வாசலிலேயே நின்றிருந்தது என்பது திரும்பி இறங்கியபோதுதான் கண்ணில் பட்டது.

ரயில் சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும்போது பதறாதீர்கள். வெர்னாட்சாவிலும் ரியோமஜ்ஜோரேவிலும் பிளாட்பாரத்தின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள். இருட்டாக இருக்கிறதே, நிலையம் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தால் அடுத்த ஊருக்குத்தான் போவீர்கள்.

நடை என்றால் மொன்டெரோசோ முதல் வெர்னாட்சா வரை சுமார் இரண்டு மணி நேரம், நிறையப் படி. வெர்னாட்சா முதல் கோர்னிலியா வரை ஒன்றரை மணி நேரம். காலையில் எட்டு மணிக்குத் தொடங்குங்கள். செருப்போடு போனால் அபராதம் போட விதி இருக்கிறது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே உள்ள "காதல் பாதை" 2012இல் பாறை விழுந்து மூடப்பட்டு 2024இல் திறந்தது. ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. அட்டைக்கு மேல் 10 யூரோ, நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும், ரியோமஜ்ஜோரே பக்கத்திலிருந்து மட்டும் நுழையலாம். சமதளம் என்பதால் அம்மாவுக்கு ஏற்றது. மற்றபடி அந்தப் பணத்துக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பது என் கட்சி.

7. மற்ற கடலோர ஊர்கள்

கமோலிக்கு ஜெனோவாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து படகில் சான் ஃப்ருத்துவோசோ மடத்துக்குப் போகலாம். அந்த மடத்துக்குச் சாலையே கிடையாது. படகு, அல்லது மலைப்பாதை நடை. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. எனவே திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

போர்ட்டோஃபினோவில் ரயிலடி இல்லை. சாந்தா மர்கெரிதாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், அல்லது ஐந்து கிலோமீட்டர் கடலோர நடை. ஒரு காபியின் விலையைப் பார்த்துவிட்டு நாங்கள் அரை மணி நேரத்தில் திரும்பினோம்.

கடலில் இறங்க ஆசையா? இந்தக் கரையில் பெரும்பாலும் கூழாங்கல். மணல் வேண்டும் என்றால் அலாஸ்ஸியோ, ஃபினாலே, செஸ்த்ரி லெவான்டேயின் மௌன விரிகுடா, மொன்டெரோசோ. குடை வரிசையாக நட்ட இடம் எல்லாம் வாடகை; "ஸ்பியாஜ்ஜா லீபெரா" என்று பலகை இருந்தால் இலவசம்.

8. மலைக் கிராமங்கள்

எனக்கு இந்த மாநிலத்தில் மிகவும் பிடித்ததும், என்னை மிகவும் படுத்தியதும் இதுதான். வென்டிமிலியாவிலிருந்து நெர்வியா பள்ளத்தாக்கில் ஏறினால் முதலில் டோல்ச்சேஅக்குவா: ஒற்றை வளைவுக் கல்பாலம், மேலே இடிந்த கோட்டை. அடுத்து அப்ரிகாலே: குன்றின்மேல் தேன்கூடு மாதிரி ஒட்டிய கல்வீடுகள். சான்ரேமோ பக்கத்திலிருந்து அர்ஜென்தீனா பள்ளத்தாக்கில் ஏறினால் சுமார் 780 மீட்டர் உயரத்தில் த்ரியோரா. 1587இல் தொடங்கிய சூனியக்காரி விசாரணைகளால் பேர்போன ஊர். கடையெல்லாம் துடைப்பம் தொங்கும், அதைப் பொருட்படுத்தாமல் கனமான ஊர் ரொட்டியை வாங்குங்கள்.

பஸ் அட்டவணையைப் படிக்க நான்கு சொல் தெரிய வேண்டும்.

"ஃபெரியாலே" என்றால் திங்கள் முதல் சனி வரை, வேலை நாள். சொல்லைக் கேட்டால் விடுமுறை மாதிரி ஒலிக்கும், அர்த்தம் நேர் எதிர். "ஃபெஸ்தீவோ" என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். "ஸ்கோலாஸ்திகோ" என்றால் பள்ளி நடக்கும் நாள் மட்டும்; ஜூன் நடுவுக்குப் பிறகு அந்த பஸ்ஸை மறந்துவிடுங்கள். "காப்போலீனேயா" என்றால் கடைசி நிறுத்தம்.

நாங்கள் அப்ரிகாலே போனது ஜூன் 2, திங்கட்கிழமை. திங்கள்தானே என்று ஃபெரியாலே பத்தியைப் படமெடுத்து வைத்திருந்தேன். அன்று குடியரசு தினம் என்பது தெரியாது. போகும்போது ஏதோ ஒரு பஸ் வந்தது, ஏறிவிட்டோம். திரும்ப நாலரை மணிக்குப் போய் நிறுத்தத்தில் நின்றோம். ஐந்து ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. எதிர் வீட்டில் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அட்டவணையில் விரலை வைத்து, "ஒஜ்ஜி ஃபெஸ்தா" என்றார். இன்று விழா. அப்புறம் உள்ளே போய் அம்மாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவரே போன் போட்டு வரவழைத்த டாக்சி வென்டிமிலியாவுக்கு 55 யூரோ வாங்கியது. பஸ்ஸில் மூவருக்கும் சேர்த்தே பத்து யூரோவுக்குள் முடிந்திருக்கும்.

ஆகவே: மலை ஊரை வேலை நாளில் வையுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பள்ளத்தாக்கு. திரும்பும் கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தைய பஸ்ஸைக் குறிவையுங்கள். போகவர இரண்டு டிக்கெட்டையும் கீழேயே, "தபாக்கி" என்று பெரிய டி எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் வாங்கிவிடுங்கள். மேலே கடை மத்தியானம் மூடியிருக்கும்.

9. கார் எடுக்கலாமா

மலை ஊர் மூன்று நான்கு பார்ப்பதாக இருந்தால் இரண்டு நாளுக்கு மட்டும் எடுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்; ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிட வேண்டும். நகர மையங்களில் "சீத்தா தீ எல்லே" எனப்படும் தடைப் பகுதியில் கேமரா இருக்கும்; நுழைந்தால் அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும், வாடகை நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து. நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சளைத் தொடவே வேண்டாம்.

10. சாப்பாடு, காசு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு லிகூரியா பரவாயில்லை. ஃபரினாட்டா என்பது கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் கரைத்து, அகலத் தாம்பாளத்தில் ஊற்றி, விறகு அடுப்பில் சுடுவது. மேலே மிளகு தூவி, ஓரம் முறுகலாகக் கேட்டு வாங்குங்கள். ஃபொக்காச்சா என்கிற தட்டை ரொட்டியை எடைக்கு விற்பார்கள். மூவருக்கும் காலைச் சாப்பாடு ஐந்தாறு யூரோவில் முடியும். ரெக்கோ ஊரின் சீஸ் ஃபொக்காச்சாவை அந்த ஊரிலேயே இறங்கிச் சாப்பிடலாம். பெஸ்தோ என்கிற துளசி வகை இலைச் சட்னியில் சீஸ் உண்டு. நெத்திலி பல பண்டத்தில் சொல்லாமல் கொள்ளாமல் இருக்கும். "சென்சா அச்சூகே" என்று சொல்லுங்கள்.

உணவகத்தில் மத்தியானம் இரண்டரைக்குப் பிறகு அடுப்பு அணைந்துவிடும், இரவு ஏழரைக்குத்தான் மறுபடி. பில்லில் "கோபெர்தோ" என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும், அது இருக்கைக் காசு. மலை ஊருக்குப் போகும்போது ரொக்கம் வைத்திருங்கள். ஏ.டி.எம். ரூபாயில் காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம், யூரோவிலேயே எடுங்கள்.

11. மழையும் வேலைநிறுத்தமும்

தினமும் இரவு இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மறுநாள் வானிலை எச்சரிக்கை: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆரஞ்சு வந்தாலே நடைபாதைகள் மூடப்படும், அட்டை வாங்கிவிட்டேன் என்று வாதாடிப் பயனில்லை. இரண்டு, "ஷொப்பெரோ", அதாவது வேலைநிறுத்தம். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அப்படி ஒரு நாளில் மாட்டினால், வேலை நாளாக இருக்கும்பட்சத்தில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடும். எங்கள் திரும்பும் நாளும் அப்படித்தான் அமைந்தது. ஜெனோவாவில் காலை 6:20க்கே ஏறி, மிலானில் பதினைந்து மணி நேரம் காத்திருந்தோம். விமானம் நள்ளிரவு தாண்டி 12:40க்கு என்று சொன்னேன் அல்லவா.